சீனி வருத்தத்தின் அறிகுறிகளை அறிந்துகொள்வோம்

(நவம்பர் 14ஆம் திகதி உலக நீரிழிவு தினத்தையொட்டி, தோட்டப் பிள்ளை மடுவத்தில் தொழிலாளர் குடும்பங்களின் முன்னிலையில் நலன்புரிப் பகுதி சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு. கேள்வி பதில்களும் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மேல் கால் கழுவிக்கொண்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இந்த மழையில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். இது பெரட்டுக்களம் இல்லை, நின்றுகொண்டு கேட்க வேண்டாம். பின்னால் இஸ்தோப்பில் நிற்கிற தம்பிமாரும் உள்ளே வந்து பாயில் உட்காருங்கள்.

இன்றைக்கு நாம் பேசப்போவது சீனி வருத்தம். டாக்டர்மார் நீரிழிவு என்று எழுதுவார்கள். பழைய ஆட்கள் சலரோகம் என்பார்கள். நம்ம லயத்தில் "அவருக்குச் சீனி" என்று சொன்னாலே எல்லாருக்கும் விளங்கிவிடும். என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதெல்லாம் கிளினிக்கில் டாக்டரும் மிஸ்ஸிமாரும் சொல்லுவார்கள். அதை நாங்கள் சொல்லப்போவதில்லை. இந்த வருத்தம் வந்திருப்பதை நாமே வேளையோடு எப்படிக் கண்டுகொள்வது, அதைத்தான் சொல்லப்போகிறோம். ஏனென்றால் நம்ம ஆட்களிடம் உள்ள பெரிய பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100 பேருக்கு 10 பேர் என்ற அளவில் சீனி இருந்தது. அப்படிச் சீனி இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, இரத்தம் சோதிக்கிற அன்று வரைக்கும் தனக்கு அது இருப்பதே தெரியாது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் தொகை இன்னும் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. ஆகவே இந்த மடுவத்தில் உட்கார்ந்திருக்கிற நம்மில் சிலருக்கும் இப்போதே அது இருக்கலாம்.

நாங்கள் நலன்புரி வேலையில் பல தோட்டங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஒரு அண்ணன். கெட்டிக்காரர், கங்காணி அவரைத்தான் முன்னால் விடுவார். அவர் காலில் ஒரு சிறு கட்டை குத்தியது. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு கிழமையாகியும் காயவில்லை. "மழைக்காலம், சப்பாத்துக்குள்ள ஈரம், அதான் ஆறல" என்று அவரே காரணமும் சொன்னார். மூன்றாவது கிழமை மணம் வந்த பிறகுதான் சம்சாரம் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரத்தம் பார்த்தால் சீனி 400க்கு மேலே. இரண்டு விரலை எடுத்தார்கள். "ஒரு வருசமாகவே தாகம், ராத்திரியில நாலு தடவை எழும்புவாரு, பெல்ட்டில் புது ஓட்டை போட்டாரு" என்று சம்சாரம் வாட்டில் வைத்து எங்களிடம் சொன்னார். உடம்பு ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

இந்தக் காரணம் சொல்லுகிற பழக்கம் தோட்டத்தில் ரொம்ப இலேசாக வரும். தாகம் என்றால் வெயில். களைப்பு என்றால் மலை ஏறி இறங்கியது. மெலிந்தால் வேலை கூட. கால் விறைத்தால் குளிர். காயம் ஆறாவிட்டால் அட்டைக் கடி. கண் மங்கினால் வயசு. சொல்லுகிற காரணமெல்லாம் உண்மை மாதிரியே இருக்கும். அதனால்தான் மற்ற இடங்களை விட நாம் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், சீனி கூடினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தேயிலைப் பேக்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். லொறி லொறியாகக் கொழுந்து வந்து வாசலில் நிற்கிறது. உள்ளே எடுத்து மேல்மாடியில் வாட்டப் போடுகிற ஆட்கள் வரவில்லை. அப்போது என்ன ஆகும்? வெளியில் கொழுந்து சாக்கோடு சூடேறிச் சிவந்து பழுதாகும். உள்ளே இயந்திரம் கொழுந்தில்லாமல் சும்மா நிற்கும். நாம் சாப்பிடுகிற ரொட்டி, சோறு, கிழங்கு எல்லாம் வயிற்றில் சமித்துச் சீனியாக மாறித்தான் இரத்தத்துக்கு வருகிறது. அந்தச் சீனியைச் சதைக்குள் ஏற்றுகிற வேலையைச் செய்வது இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது, அது சுரப்பதுதான் இன்சுலின். இன்சுலின் குறைந்து போனாலோ, இருந்தும் வேலை செய்யாவிட்டாலோ சீனி இரத்தத்திலேயே தங்கிவிடும். வெளியில் கொழுந்து குவிந்திருக்க, உள்ளே இயந்திரம் பட்டினி. சீனி நிறைய இருந்தும் ஆள் சோர்ந்து போவது இதனால்தான்.

இப்படித் தங்குகிற சீனி இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் தடுத்து வைக்க முடியாமல் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும். இறங்குகிற சீனி சும்மா இறங்காது, உடம்பில் உள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இறங்கும். அதனால் அடிக்கடி ஒன்னுக்கு வரும். தண்ணீர் போகப் போக நாக்கு வறளும், தாகம் எடுக்கும். தண்ணீர் கூடக் குடிப்பதால் ஒன்னுக்குப் போகிறது என்று நம்ம ஆட்கள் நினைக்கிறார்கள். இந்த வருத்தத்தில் கதை தலைகீழ். போவதனால்தான் தாகம்.

ராத்திரி எழும்புவதைக் கணக்கெடுங்கள். வழக்கமாக விடிய விடியத் தூங்குகிற ஆள் இப்போது இரண்டு மூன்று தடவை டோர்ச்சைத் தேடிக்கொண்டு எழும்புகிறார் என்றால் அது கவனிக்க வேண்டிய விசயம். இதைப் பெரும்பாலும் பக்கத்தில் படுக்கிறவர்தான் முதலில் கவனிப்பார். ஆகவே அக்காமாரே, அண்ணன்மாரே, ஒருவருக்காக மற்றவர் கவனியுங்கள்.

கொழுந்தெடுக்கிற பெண்களைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பல மலைகளில் பக்கத்தில் கக்கூசு கிடையாது. ஆகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிட்டார்கள். தாகம் எடுத்தாலும் அடக்கிக்கொள்வார்கள், ஒன்னுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். இரண்டு பெரிய அடையாளங்களையும் அடக்கிவிட்டால் பிறகு வருத்தம் எப்படித் தெரியும்? மலையில் கக்கூசு கட்டுவது நிர்வாகம் பார்க்க வேண்டிய காரியம், அதை நாங்கள் பேச வேண்டிய இடத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவரைக்கும், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குடம் குடமாகக் குடிக்கத் தோன்றுகிறதா, மாலையில் அடிக்கடி போக வருகிறதா என்றாவது பாருங்கள்.

பழைய ஆட்கள் ஒரு சோதனை சொல்லுவார்கள், ஒன்னுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சீனி என்று. அது பொய்யில்லை, சிறுநீரில் சீனி இறங்கினால் எறும்பு வரத்தான் செய்யும். ஆனால் எறும்பு வரும் வரைக்கும் காத்திருந்தால் வருத்தம் முற்றிவிட்டிருக்கும். தண்ணீர் ஊற்றுகிற கக்கூசில் எறும்பை எங்கே தேடுவது என்பது வேறு விசயம்.

அடுத்தது மெலிவு. பசி கூடும், சாப்பாடும் கூடும், ஆள் மட்டும் மெலிவார். சாப்பாட்டில் உள்ள சத்து சதைக்குப் போகாததால் உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துச் செலவழிக்க ஆரம்பிக்கும். நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குள் சட்டை தொளதொளத்தால், சாரி பாவாடை நாடா இன்னொரு சுற்றுப் போனால், இரத்தம் பார்க்காமல் விட வேண்டாம். மெலிவுக்கு வேறு வருத்தங்களும் காரணமாகலாம், காசநோய் கூட இருக்கலாம். எதுவானாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

களைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மலையில் களைக்காதவர் யார்? ஆனால் வேலைக் களைப்பு ஒரு ராத்திரித் தூக்கத்தில் போய்விடும். காலையில் எழும்பும்போதே கை கால் ஓய்ந்து கிடந்தால், பிடித்த வேலையிலும் மனம் போகாவிட்டால், அது வேறு களைப்பு.

கண் விசயத்தில் நம்ம ஆட்கள் காசை வீணாக்குகிறார்கள். சீனி கூடும்போது கண்ணுக்குள் இருக்கிற வில்லை ஊதிப் பார்வை மங்கும். சீனி இறங்கினால் திரும்பத் தெளியும். இன்றைக்கு மங்கல், நாளைக்குப் பரவாயில்லை என்று மாறி மாறி வரும். லயத்துக்குக் கண்ணாடி விற்க வருகிறவர்களிடம் அந்த நேரம் கண்ணாடி வாங்கினால், சீனி அடங்கின பிறகு அந்தக் கண்ணாடி பொருந்தாது. முதலில் இரத்தம் பாருங்கள், பிறகு கண்ணாடி பாருங்கள். இதைத் தவிர, பல வருசம் சீனி கூடியே இருந்தால் கண்ணின் பின்பக்கத்தில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் கசிந்து பார்வையே போய்விடும். அது நோகாது, முன்கூட்டிச் சொல்லாது. சீனி உள்ளவர்கள் வருசத்துக்கு ஒரு தடவை கண் கிளினிக்கில் காட்ட வேண்டும் என்பது அதற்காகத்தான்.

இனி கால். இதில் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறோம், ஏனென்றால் நமக்குச் சோறு போடுவது கால்தான்.

சீனி நீண்ட நாள் கூடியிருந்தால் நரம்புகள் பழுதாகும், அதிலும் பாதத்து நரம்புகள் முதலில். ஆரம்பத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும், சிலருக்கு ராத்திரியில் உள்ளங்கால் எரியும், சிலருக்கு ஊசி குத்தும். பிறகு மெதுவாக மரத்துப் போகும். "குளிருல விறைச்சிருச்சி" என்று நாம் சொல்லிவிடுவோம். குளிரில் விறைத்தால் போர்த்திக்கொண்டால் சரியாகிவிடும். வெயில் காலத்திலும் கம்பளிக்குள்ளும் மரத்தே இருந்தால் அது குளிரில்லை. போட்டிருந்த செருப்பு கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அது மறதி இல்லை, நரம்பு செத்த அடையாளம்.

மரத்த காலுக்குக் குளிர்காலத்தில் பெரிய எதிரி நம்ம குசினி அடுப்பு. மழையில் நனைந்து வந்து எல்லாரும் அடுப்பங்கரையில் காலை நீட்டிக்கொண்டு குளிர் காய்வோம். உணர்ச்சி உள்ளவர் சூடு பட்டதும் காலை இழுத்துக்கொள்வார். மரத்த காலுக்குத் தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் பார்ப்பார். சுடுதண்ணீரில் கால் வைப்பதும் இப்படித்தான். சீனி உள்ளவர்கள் தண்ணீர் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள், அல்லது பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காயத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அட்டைக் கடியோ, முள்ளோ, கவ்வாத்துக் கத்தி பட்டதோ, சின்னக் காயம் ஒரு கிழமையில் காய்ந்து வர வேண்டும். இரண்டு கிழமையாகியும் நீர் வடிந்தால் டிஸ்பென்சரிக்குப் போங்கள். அங்கே மருந்து கட்டினால் மட்டும் போதாது, "ஐயா, எனக்குச் சீனியும் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. ஏற்கெனவே சீனி இருக்கிறவர் இரண்டு கிழமை கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

அடுத்து சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமான விசயம். பிள்ளைகள் விளையாடப் போகட்டும். பெண்களுக்குப் பிறப்பு உறுப்பில் திரும்பத் திரும்ப அரிப்பு, தயிர் போல வெள்ளைபடுதல், ஆண்களுக்கு முன்தோலில் புண், வெடிப்பு, இவையெல்லாம் சீனி கூடியதால் வரலாம். சீனி கூடிய இடத்தில் பூஞ்சணம் நன்றாக வளரும். பலர் இதை வெளியில் சொல்லாமல் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். புருசன் பெண்சாதியைச் சந்தேகப்படுகிற அளவுக்குப் போன வீடுகளும் உண்டு. ஆண்மைக் குறைவும் சிலருக்கு இந்த வருத்தத்தின் அடையாளம். மருத்துவிச்சி அம்மாவிடம் அக்காமார் தனியாகச் சொல்லலாம். ஆண்கள் டாக்டரிடம் சொல்லலாம், அவர் இதைப் போலத் தினமும் பத்துக் கேட்கிறவர். பிட்டம், அக்குள், தொடையில் திரும்பத் திரும்பக் கட்டி வருவதும், பல் ஈறு வீங்கிப் பல் ஆடுவதும் இதே வகையில் சேர்ந்தவை.

பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்து வெல்வெட்டுத் துணி மாதிரி ஆகிறது சிலருக்கு. "அழுக்கு, தேய்த்துக் குளி" என்று பொம்பளப் பிள்ளைகளை ஏசாதீர்கள். அது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வருகிற கறுப்பு. அந்தப் பிள்ளைக்கும் ஒரு தடவை இரத்தம் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு வருகிற சீனி பல பேருக்கு வருசக்கணக்கில் ஒரு அடையாளமும் காட்டாது. தாகமும் இருக்காது, மெலிவும் இருக்காது. ஆகவே "எனக்கு ஒன்னும் செய்யலையே" என்பது அத்தாட்சி ஆகாது. யார் யார் அடையாளம் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும் என்றால், 35 வயது தாண்டியவர்கள், அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ சீனி உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டியவர்கள். "தொப்பை இல்லாதவனுக்குச் சீனி வராது" என்று ஒரு பேச்சு தோட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களை விட நம்மைப் போன்ற ஆசிய நாட்டு ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்த வருத்தம் வந்துவிடுகிறது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பெரியவர்களானதும் சீனி வருகிற வாய்ப்புக் கூடுதல் என்றும் கண்டிருக்கிறார்கள். நம்ம தோட்டங்களில் அப்படிப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் பதியும்போது ஒரு தடவையும், 24 முதல் 28 கிழமைக்குள் இன்னொரு தடவையும் சீனி பார்ப்பார்கள். "முதல்லயே பார்த்தாச்சே" என்று இரண்டாவதைத் தவற விடாதீர்கள், கர்ப்பச் சீனி பெரும்பாலும் அந்தக் கிழமைகளில்தான் வெளியாகும். பிள்ளை பிறந்ததும் அது மறைந்துவிடும், ஆனால் அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சீனி வரும் பயம் உண்டு. பிள்ளை பிறந்து 6 கிழமை கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், பிறகும் இடைக்கிடை பார்த்துவர வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சீனி வேறு வகை, அது வேகமாக வரும். படுக்கையில் நனைப்பதை விட்டிருந்த பிள்ளை திரும்ப நனைக்க ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் போத்தலை இரண்டு தடவை நிரப்பும். சில கிழமைக்குள் எலும்பு தெரிய மெலியும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்காவிட்டால் வயிற்று வலி, வாந்தி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குதல், வாயில் கனிந்த பழம் மாதிரி ஒரு மணம், பிறகு மயக்கம். இதைச் சளி என்றும், வயிற்றுக் கோளாறு என்றும், காத்துக் கறுப்பு என்றும் நினைத்து மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை இழந்தால் பிள்ளையை இழந்துவிடுவோம். மந்திரிப்பவரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நூல் கட்டிக்கொள்ளலாம், அதற்கு முந்தி வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி மருந்தாக இன்சுலின் வாழ்நாள் முழுக்க வேண்டும். 1921ஆம் ஆண்டு கனடாவில் டொரொண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. அந்தப் பேண்டிங் பிறந்த நாள்தான் நவம்பர் 14.

பெரியவர்களுக்கும் சீனி மிகவும் ஏறிவிட்டால் இந்த ஆபத்து உண்டு. வாந்தி நிற்காவிட்டால், ஆள் அரைத் தூக்கமாகக் குழறினால், மூச்சு வாங்கினால், ஒரு நிமிசமும் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்தச் சந்தியில் ஆள் நிற்பார் என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஒருவரை ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள். மேல் கணக்குப் பாதைகளில் வண்டி வழி தெரியாமல் சுற்றுவது உண்டு.

இதற்கு எதிர்மாறான ஒன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அல்லது இன்சுலின் எடுக்கிறவர் சாப்பிடாமல் மலை ஏறினால் சீனி இறங்கிப் போகலாம். அப்போது வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு தடுமாறும். நினைவு இருந்தால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சீனி உள்ளவர் கூடையில் ஒரு சிறு பொட்டலம் சீனி வைத்திருப்பது நல்லது. சீனி வருத்தக்காரர் சீனி வைத்திருக்கிறாரே என்று கேலி செய்யாதீர்கள்.

சரி, சந்தேகம் வந்தால் எங்கே போவது? தோட்ட டிஸ்பென்சரியில் விரலில் குத்திப் பார்க்கிற மெசின் இருந்தால் அங்கேயே பார்க்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011ஆம் ஆண்டிலிருந்து ஹெல்தி லைப்ஸ்டைல் சென்டர் என்று ஒரு பகுதியை ஆரம்பித்து வந்திருக்கிறார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீனி, பிரஷர், எடை எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எந்தக் கிழமை திறப்பார்கள் என்று முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போங்கள்.

துண்டில் எழுதியிருக்கிற எண்ணை எப்படி வாசிப்பது? எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் 100க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். இப்போது சாப்பாட்டையும் நடையையும் சரிப்படுத்தினால் உள்ளே போகாமல் திரும்பிவிடலாம். 126ம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்வார்கள். நாம் சொன்ன அடையாளங்களும் இருந்து, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200க்கு மேலே என்றால் சீனி வந்துவிட்டது என்றுதான் டாக்டர் எடுப்பார். துண்டை வீசிவிடாதீர்கள். கிளினிக் கொப்பிக்குள் வைத்து ஒட்டுங்கள்.

கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசும் போகும். இதை நாங்கள் அறியாதவர்கள் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பேர் போவது வலிக்கத்தான் செய்யும். கால் விரலை எடுத்த அந்த அண்ணன் நான்கு மாதம் வேலைக்கு வரவில்லை, திரும்பி வந்தபோது கவ்வாத்து மலைக்குப் போக முடியாமல் இலேசு வேலை கேட்டு நின்றார். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கிளினிக் திகதியைக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் வேலையை மாற்றிக் கேட்கவும் வசதியாக இருக்கும். ஏதாவது சிக்கல் என்றால் எங்களிடம் வாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நினைத்தாலும் தேத்தண்ணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. நாம் தயாரிக்கிற தேயிலையில் சீனி கிடையாது, நாம்தான் போடுகிறோம். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 12 கரண்டி, ஏறத்தாழ 60 கிராம். ஒரு மாதத்துக்கு ஒரே ஆள் கிட்டத்தட்ட 2 கிலோ. ஒருநாள் சீனியை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சோடாப் போத்தலில் 2016ஆம் ஆண்டிலிருந்து நிற வட்டம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சிவப்பு வட்டம் என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி. திருவிழாவுக்குப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும்போது அந்த வட்டத்தைப் பாருங்கள்.

எங்கள் பேச்சு இவ்வளவுதான். இனி நீங்கள் கேளுங்கள்.

(பேச்சுக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் சில)

"சீனி சாப்பிட்டாத்தான் இந்த வருத்தம் வருமா? நான் சீனியே தொடுறதில்லையே?" என்று ஒரு மாமா கேட்டார்.

சீனி மட்டும் காரணமில்லை மாமா. பரம்பரை இருக்கிறது, வயிற்றைச் சுற்றின கொழுப்பு இருக்கிறது, வயசு இருக்கிறது. கோதுமை மா ரொட்டியும் வெள்ளைச் சோறும் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறுகின்றன. மூன்று வேளையும் ரொட்டியும் சம்பலும் என்றால் ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, பருப்போ, கடலையோ, ஒரு பிடி கீரையோ கூட்டிக்கொள்ளுங்கள்.

"ஒரே கோப்பையில் குடித்தால் ஒட்டுமா?"

ஒட்டாது தங்கச்சி. அத்தைக்குத் தனிக் கோப்பை வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

"பாவக்காய்ச் சாறும், கொதல ஹிம்புட்டு மரக் கோப்பைத் தண்ணியும் குடிச்சா மாத்திரையை விட்டுரலாமாமே?"

பாவக்காய் நல்ல மரக்கறி, கறியாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக விட வேண்டாம். மாத்திரையோடு சேர்த்து அந்தத் தண்ணீரைக் குடித்தால் சிலருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கும். ஆகவே என்ன குடிக்கிறீர்களோ அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுப் பழகிய சிலர் இன்னும் அப்படியே போடுகிறார்கள். அவர்களும் போய்ச் சரியான அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"மாத்திரை போட்டா கிட்னி பழுதாகும்னு சொல்றாங்களே?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

கிட்னியைப் பழுதாக்குவது அடங்காத சீனியும் அடங்காத பிரஷரும்தான் பெரியம்மா. பல வருசம் மாத்திரை போட்டவருக்குக் கிட்னி போனால், மாத்திரைதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவர் ஒழுங்காகப் போட்டாரா, சீனி எவ்வளவில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பலவீனமானவருக்கு டாக்டர் மாத்திரையை மாற்றுவார், அளவைக் குறைப்பார். அதற்காகத்தான் கிளினிக்கில் இடைக்கிடை இரத்தமும் சிறுநீரும் எடுக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை இரத்தம் பார்க்க வரும்போது வெறும் சாயத்தண்ணி குடிச்சிட்டு வரலாமா?"

வேண்டாம். சனி இரவு ஒன்பது மணிக்கு முந்தி சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அதன் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலை ஏழு மணிக்கு இதே மடுவத்தில் தொடங்குவோம், வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் முதலில் எடுப்போம். ஏற்கெனவே சீனி மாத்திரை எடுப்பவர்கள் அன்று காலை மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம். மாத்திரையையும் ஒரு ரொட்டியையும் கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பிறகு இங்கேயே சாப்பிட்டுப் போடுங்கள். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.